கழுதைக்குப் பதில் டவுன் பஸ்

அன்புள்ள ஐயா,

எங்கள் தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் நாடகம் போடுகிறோம். யோசேப்பும் மரியாளும் பெத்லகேம் போவதை இன்றைய தமிழ்நாட்டில் நடப்பதாகக் காட்ட ஆசை. பார்க்க வருபவர்களில் பாதிப்பேர் ஊரிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகள். நடிக்கும் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள், டவுன் பஸ்ஸில் ஏறியதே இல்லை. பேசாமல் இங்குள்ள எம்ஆர்டி ரயிலிலேயே ஏற்றிவிடலாமா? கையில் 15 நிமிடம்தான்.

வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

எம்ஆர்டி வேண்டாம். மின்தூக்கியும் முன்னுரிமை இருக்கையும் உள்ள இடத்தில் நிறைமாதக்காரியின் பாடு கண்ணில் படாது.

மரியாள் கழுதையில் போனதாகத்தான் எல்லாரும் காட்டுவார்கள். ஆனால் பைபிளில் லூக்கா 2ஆம் அதிகாரத்தில் கழுதையே கிடையாது. குடிமதிப்பு (மக்கள்தொகைக் கணக்கு) எழுத நாசரேத்திலிருந்து சொந்த ஊரான பெத்லகேமுக்குப் போனார்கள், அவ்வளவுதான். எந்த வழி என்றும் இல்லை. யோர்தான் பள்ளத்தாக்கு வழி என்றால் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அதன் கடைசிப் பகுதியில், எரிகோவிலிருந்து எருசலேமுக்கு மட்டும் சுமார் 1,000 மீட்டர் ஏற்றம். ஆக, அலுப்பு கடைசியில்தான் கூடும். உங்கள் நாடகமும் ரயில், டவுன் பஸ், வெளியூர் பஸ், ஷேர் ஆட்டோ என்று போகப்போக நெருக்கடியாகட்டும்.

திருநெல்வேலி–திருச்செந்தூர் ரயில் பாதையில் நாசரேத் என்றே ஓர் ஊர் இருக்கிறது. அங்கிருந்தே கிளம்பட்டும். திருநெல்வேலி சந்திப்பில் இறங்கி, டவுன் பஸ்ஸில் வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையம். அங்கே சங்கரன்கோவில் பஸ். மழையால் தாமதம் என்று காட்டினால் யாரும் மிகை என்று சொல்லமாட்டார்கள். 2023 டிசம்பர் 17 இரவு இதே பாதையில் செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. தண்டவாளத்தின் அடியில் கிடந்த ஜல்லியை வெள்ளம் அரித்துவிட்டது. சுமார் 800 பேர் சிக்கினார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள்தான் சமைத்துப் போட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால் நடந்தது இது.

டவுன் பஸ் காட்சிக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். நாற்காலிகளை ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு என மூன்று வரிசை போட்டால் 15 போதும். முதல் படி முழங்கால் உயரம் இருக்கும், அதற்கு ஒரு பலமான மரப்பெட்டி வையுங்கள். மரியாள் வலது கையால் கம்பியைப் பிடித்து, இடது கையை அடிவயிற்றில் கொடுத்து, ஒருக்களித்து ஏறவேண்டும். கடைசி சீட்டில் உட்கார வைக்காதீர்கள். அது பின்சக்கரத்துக்கும் பின்னால் இருப்பதால் வேகத்தடையில் தூக்கிப் போடும். சக்கரத்துக்கு மேலே உள்ள சீட்டும் ஆகாது, கால் வைக்கும் இடம் மேடாகி முழங்கால் வயிற்றில் இடிக்கும். நடு வரிசை, வழியோரம்.

2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை. மரியாளுக்குக் கட்டணமில்லாச் சீட்டு, யோசேப்பு மட்டும் காசு கொடுப்பார். வெளியூர் பஸ்ஸில் இருவருக்கும் டிக்கெட் எடுக்கவேண்டும். அப்போது அவர் சட்டைப்பையைத் துழாவட்டும், வசனமே தேவையில்லை. கூட்டத்தில் ரூபாய் நோட்டு பின்னாலிருந்து கைமாறிக் கைமாறிக் கண்டக்டரிடம் போய், சீட்டும் சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். நிற்பவர் பை உட்கார்ந்தவர் மடிக்குப் போகும். இந்த இரண்டையும் தம்பிகள் பார்த்த உடனே ஊருக்குப் போய்விடுவார்கள்.

ஷேர் ஆட்டோவைச் சட்டென்று முடியுங்கள். நெருக்கி உட்கார இடமில்லாமல் யோசேப்பு ஓட்டுநர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டால் போதும்.

பஸ்ஸிலேயே வலி எடுப்பதாக வைக்கவேண்டாம். "அவ்விடத்திலே அவர்கள் இருக்கையில்" பிரசவகாலம் வந்தது என்றுதான் லூக்கா எழுதுகிறார். போய்ச் சேர்ந்து சில நாள் ஆகியிருக்கலாம். குழந்தையைக் கிடத்திய முன்னணை என்ற சொல் பிள்ளைகளுக்குப் புரியாது. மாட்டுக்குத் தீவனம் வைக்கும் சிமெண்டுத் தொட்டி என்று சொல்லி, அட்டையில் சாம்பல் வண்ணம் பூசிச் செய்துவிடுங்கள்.

ஒத்திகையில் முதலில் விசிலைப் பழக்குங்கள். ஒரு விசில் என்றால் நிற்கும், இரண்டு என்றால் கிளம்பும். நிற்கும்போது அத்தனை பேரும் ஒன்றாக முன்னால் சாயவேண்டும், கிளம்பும்போது பின்னால். ஒரு பிள்ளை மாற்றிச் சாய்ந்தாலும் பஸ் மறுபடி நாற்காலியாகிவிடும்.