சாளக்கிராமக் கல்லுக்குள் இருக்கும் சக்கரம் எப்படி வந்தது?

யாரும் செதுக்கியதல்ல. அம்மோனைட் என்ற கடலுயிரியின் ஓடு பதிந்த தடம் அது. ஓட்டின் மேலிருந்த வரிகள்தான் ஆரக்கால்கள் போலத் தெரிகின்றன. பார்க்க நத்தை மாதிரி இருந்தாலும், கணவாய்க்குத்தான் இது நெருங்கிய சொந்தம். சுருண்ட ஓட்டுக்குள் வரிசையாக அறைகள். உடல் இருந்தது கடைசி அறையில் மட்டும். வளர வளர, பின்னால் ஒரு சுவர் எழுப்பிவிட்டு முன்னே நகரும். காலியான அறைகளில் நிறைந்த வாயு அதை மிதக்க வைத்தது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

சரி, இந்தக் கல் கிடைக்கும் நேபாளத்துக் கண்டகி நதியில் கடலுயிரி எப்படி? ஜுராசிக் காலத்தில், இமயமலை எழும்புவதற்கு வெகுமுன்பு, அங்கே டெதிஸ் கடல் இருந்தது. அம்மோனைட் இனமே 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த காலத்தில் மறைந்துவிட்டது. நம் பெரம்பலூர் பக்கம் காரை கிராமத்திலும் அம்மோனைட் புதைபடிவங்கள் உண்டு. அவை ஜுராசிக்கை அடுத்து வந்த கிரெட்டேசியஸ் காலத்தவை.