கொறங்காட்டுக்கு எந்தக் கேமரா?

கேள்வி: எங்கள் பழைய சாளை (தோட்டத்து வீடு), தொண்டுப்பட்டி (மாடு அடைக்கும் பட்டி), கொறங்காடு (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) எல்லாவற்றையும் வருஷம் முழுக்கப் படமெடுக்க ஆசை. ஒன்றரை லட்சத்தில் ஒரு கேமரா பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா? – காங்கயம் வாசகர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கையிலிருக்கும் போனில் ஐப்பசி மழைக்கு அப்புறம் ஒரு படம், பங்குனியில் அதே படலருகே நின்று ஒரு படம் எடுங்கள். கொழுக்கட்டைப் புல் பச்சையாக நின்ற இடத்தில் காய்ந்த தாள் இருக்கும். கிளுவை வேலியில் இலை போய் முள்தான் மிச்சம். அதுவரை அலுக்காமல் போனீர்களென்றால் மறுபடி எழுதுங்கள், கேமரா பேசுவோம்.

கேள்வி: ஆடியில் காற்றாலைகளை எடுத்தேன். 900 ரூபாய் டிரைபாட். ஒரு படமும் தெளிவில்லை. – உடுமலை

பதில்: பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு 900 ரூபாயா! சரி, சிரிக்க எனக்கும் யோக்கியதை இல்லை. பல்லடம் பக்கம் கிணற்று மேட்டில் இதே மாதிரி ஒன்றை நிறுத்திவிட்டு இளநீர் குடிக்கத் திரும்பினேன். பிளாஸ்டிக் கால் கழன்று கேமரா கல்லில் குப்புற விழுந்தது. டிரைபாட் 700, ரிப்பேர் 6,500. நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். பையை அடியில் தொங்கவிட்டால் தரையைத் தொடட்டும். ஊஞ்சலாடினால் இன்னும் மோசம். அடுத்த முறை கடையிலேயே கால்களை முழுக்க நீட்டி, மேலே கையை வைத்துத் திருகிப் பாருங்கள். முறுக்கிக்கொண்டால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: 14,000 ரூபாய்க்கு செகண்ட் ஹேண்ட் லென்ஸ். காலிங்கராயன் வாய்க்கால் ஓரம் மஞ்சள் காட்டை எடுத்தால் எல்லாம் புகைமூட்டம். டார்ச் அடித்தால் உள்ளே நூல் நூலாகப் பூஞ்சை. வாங்கிப் பத்து நாள்தான். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று கடைக்காரர் பில்லைக் காட்டுகிறார். – ஈரோடு

பதில்: இந்த ஒரு வரியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரப்பர் ஸ்டாம்பில் குத்திவிட்டால் சட்டமாகிவிடுமா? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதே முறையற்ற வணிகம். பூஞ்சை தெரிகிற படத்தோடு இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, புகார் கொடுக்க இரண்டு வருஷம் அவகாசம். அதுவரை அந்த லென்ஸை மற்றவற்றோடு ஒரே பையில் வைக்காதீர்கள்.

கேள்வி: 512 ஜிபி மெமரி கார்டு, 350 ரூபாய். மஞ்சள் வேகவைக்கும் படங்கள் பாதிக்கு மேல் திறக்கவில்லை. – கொடுமுடி

பதில்: அந்த விலைக்கு யார் தருவார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாமே! உள்ளே இருப்பது சின்னச் சிப். அளவைப் பொய்யாகக் காட்டும். அது நிறைந்த பிறகு படங்கள் சரியாகப் பதிவாகியிருக்காது. போனது போனதுதான்.

கேள்வி: பில் இல்லாமல் வாங்கினால் 4,000 குறைகிறது. வாங்கலாமா? – திருப்பூர்

பதில்: கூடாது.

கேள்வி: லென்ஸ் முன்னால் மாட்டும் யூவி ஃபில்டர் அவசியமா? – தாராபுரம்

பதில்: தூசிக்குப் போடலாம், அவ்வளவுதான். அந்தக் காசுக்கு மேல் கொஞ்சம் போட்டு போலரைசர் ஃபில்டர் வாங்கினால் குளத்து நீரின் பளபளப்பாவது குறையும். என்னிடம் யூவி நாலு கிடக்கிறது. நாலுமே கடைக்காரர் சொல்லி வாங்கியது.