டக் டக் சத்தம் எங்கிருந்து?

கேள்வி: புதுச்சேரியில் செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன பெட்ரோல் கார் வாங்கினேன், ஆட்டோமேட்டிக். கடலூருக்கு ஓட்டி வரும்போது பாலம் ஏறினாலே இன்ஜினில் டக் டக் சத்தம். மெக்கானிக் இன்ஜினைப் பிரிக்கணும் என்கிறார். பிரிக்கலாமா?
– வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: கொஞ்சம் பொறுங்கள். முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றும்வரை ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம்.

அப்புறம் காதைத் தீட்டுங்கள். ஆக்ஸிலேட்டரை மிதித்து ஏறும்போது மட்டும் சில்லறை குலுக்குவது போலக் கேட்டால், உள்ளே கார்பன் படிந்திருக்கலாம், பிளக் சரியில்லாமல் இருக்கலாம், இன்ஜின் சூடேறியிருக்கலாம். இதெல்லாம் பிரிக்காமலே பார்க்கக்கூடியவை. சுத்தியால் அடிப்பது போல கனமாகக் கேட்டால்தான் கவலை. அப்போது ஓட்டுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு சிலிண்டராக, பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டரின் ஒயர் கனெக்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எதைக் கழற்றும்போது சத்தம் அடங்குகிறதோ, அந்த சிலிண்டரின் கனெக்டிங் ராடு (பிஸ்டனை கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் தண்டு) பேரிங்மேல்தான் சந்தேகம்.

எதைக் கழற்றினாலும் மாறவில்லையா? உங்களுடையது டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சக்தியை எண்ணெய் வழியாகக் கியருக்குக் கடத்தும் பாகம்) உள்ள கியர்பாக்ஸ் என்றால், இன்ஜினையும் டார்க் கன்வெர்ட்டரையும் இணைக்கும் பிளெக்ஸ் பிளேட் என்ற தகட்டைப் பாருங்கள். அது விரிசல் விட்டாலோ, போல்ட் தளர்ந்தாலோ அச்சு அசலாக பேரிங் சத்தம் போலவே கேட்கும், நல்ல மெக்கானிக்கே ஏமாறுவார். பிரேக்கை அழுத்திக்கொண்டு N-இலிருந்து D-க்கு மாற்றும்போது சத்தம் மாறினால் இந்தச் சந்தேகம் வலுக்கும்.

விற்றவர் கெட்டியான ஆயில் ஊற்றி சத்தத்தை அமுக்கியிருந்தாலும் இருக்கலாம், நடக்காததில்லை. அதனால் என்ன கிரேடு ஆயில் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.