இராமநாதபுரம் கடற்கரையில் வெள்ளைக்காரர் காலத்து இடங்கள் என்னென்ன பார்க்கலாம்?

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் யோசிக்காமல் தனுஷ்கோடிக்குப் போங்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னை எழும்பூரில் கிளம்பும் போட் மெயில் ரயில் இங்கே வரை வந்தது. அந்தக் காலத்தில் இறங்கி நீராவிக் கப்பலில் ஏறினால் இலங்கையின் தலைமன்னார், அங்கிருந்து கொழும்புக்கு மறுபடி ரயில். அதற்காகவே ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சுங்க அலுவலகம் எல்லாம் எழும்பின. 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் பயணிகளோடு வந்த ரயிலையும் ஊரையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது.

இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். செங்கல் இல்லை, பவளப்பாறைக் கல். பொடிப்பொடி ஓட்டைகள் கண்ணுக்குத் தெரியும். தயவுசெய்து அதில் பெயர் கிறுக்காதீர்கள், ஏற முயலாதீர்கள். எத்தனையோ பேர் உயிர்விட்ட இடம் அது.

பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. நடுவில் இருந்த தூக்குப் பகுதியை மோட்டார் இல்லாமல் ஆட்களே சுற்றித் திறந்துதான் கப்பல்களுக்கு வழிவிட்டார்கள். இப்போது ரயில் போவது 2025-ல் திறந்த புதுப் பாலத்தில்.

வழியில் மண்டபம் முகாம். இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களை நோய்த்தடுப்புக்காக இங்கேதான் தங்கவைத்தார்கள். மலையகத் தமிழர் வரலாற்றில் பெரிய இடம், ஆனால் சுற்றுலாக்காரர்கள் கண்டுகொள்வதே இல்லை.

அப்புறம், நேரம் மிச்சமிருந்தால் இராமநாதபுரம் அரண்மனையில் இராமலிங்க விலாசம். ஐரோப்பியர்கள் சேதுபதி மன்னரைச் சந்திக்கும் காட்சி சுவரோவியமாக இருக்கிறது. 1798-ல் கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்தித்ததும் இதே அரண்மனையில்தான்.