நரம்பு அறுகிற யாழ்

கேள்வி: லாயிட் அலெக்சாண்டரின் பிரிடெய்ன் நாவல்கள் தற்செயலாகக் கைக்கு வந்தன. ஐந்தையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டேன். பொய் சொன்னால் நரம்பு அறுந்துபோகும் யாழும், அதைச் சுமந்து திரியும் பாணனும் மனத்தைவிட்டு நகரவில்லை. இவை வேல்ஸ் நாட்டுப் பழங்கதைகளிலிருந்து எடுத்தவையாமே? மூலத்தைப் படித்தால் சுவை இன்னும் கூடும் அல்லவா?

பதில்: முதலில் கசக்கும். தெரிந்தே போங்கள்.

உங்கள் நாவலில் க்விடியன் யார்? மாசுமறுவற்ற இளவரசன், சிறுவர்கள் அண்ணாந்து பார்க்கும் வீரன். பதினான்காம் நூற்றாண்டுச் சுவடிகளில் கிடைக்கும் வேல்ஸ் பழங்கதைகளான மபினோகியின் நான்காம் கிளையில், அதாவது நான்காம் பகுதியில், இதே க்விடியனைப் பாருங்கள். இவனுடைய சகோதரனுக்கு ஒரு பெண்மேல் ஆசை. அரசன் மாத் போருக்குப் போனாலொழிய அவளை நெருங்க முடியாது. அதற்காக க்விடியன் ஒரு போரையே மூட்டுகிறான். எப்படி? பாணன் வேடத்தில்! ஆட்களோடு தென் வேல்ஸின் அரசன் பிரிடேரியின் அவைக்குப் போய்க் கதை சொல்லியே எல்லோரையும் கிறங்கடிக்கிறான். இவனுக்கு நிகரான கதைசொல்லி உலகத்தில் இல்லை என்று மூலமே சான்றிதழ் தருகிறது. பிறகு பிரிடேரியின் பன்றிகளைக் கேட்டு வாங்குகிறான். பண்டமாற்றாகக் கொடுத்த குதிரைகளும் வேட்டைநாய்களும் மாயத்தால் செய்தவை. ஒரு நாள்தான் தாங்கும். ஏமாந்த பிரிடேரி படையோடு வந்து, கடைசியில் க்விடியன் கையாலேயே சாகிறான். இதற்கிடையில் சகோதரன் அந்தப் பெண்ணைப் பலவந்தம் செய்துவிடுகிறான். இருவரையும் மாத் மூன்று ஆண்டுகள் மானாக, காட்டுப்பன்றியாக, ஓநாயாக அலையவிட்டது தனிக்கதை. இத்தனை பொய்க்கும் அங்கே ஒரு நரம்புகூட அறவில்லை.

அராவ்ன் கதை நேர் எதிர். நாவலில் மரணத்தின் அதிபதி. மூலத்தில் சொன்ன சொல் காப்பவன். தன் உருவத்தையும் அரியணையையும் ஓராண்டு இன்னொருவனிடம் நம்பி ஒப்படைத்தவன்.

அலெக்சாண்டர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்ல வரவில்லை. இரண்டாம் உலகப்போரில் படைவீரராக வேல்ஸில் பயிற்சி பெற்றவர். 1964 முதல் 1968 வரை சிறுவர்களுக்காக இவற்றை எழுதினார், கடைசி நாவலுக்கு அமெரிக்காவின் சிறுவர் இலக்கிய விருதான நியூபெரி பதக்கமும் வாங்கினார். பெயர்களை எடுத்துக்கொண்டு குணங்களைத் தன் தேவைக்கு மாற்றுவது எழுத்தாளனின் உரிமை. உங்களுக்குப் பிடித்த அந்த யாழை மபினோகியில் எங்கு தேடினாலும் கிடைக்காது. அது அவருடைய சொந்தச் சரக்கு. க்விடியன் மாதிரி ஒரு கதைசொல்லியைப் படித்து அரண்டுபோனவர்தான் இப்படியொரு காவலைக் கண்டுபிடித்திருப்பார் என்பது என் ஊகம்.

படிப்பதென்றால் 2007இல் வந்த ஷோனெட் டேவிஸின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படியுங்கள். வாய்விட்டுப் படிக்கத் தோதான நடை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று சார்லட் கெஸ்டின் பத்தொன்பதாம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பில் கைவைக்காதீர்கள். கூச்சமான இடங்களை அந்த அம்மையார் பூசி மெழுகியிருக்கிறார். அராவ்ன் வரும் முதல் கிளையிலேயே தொடங்கிவிடுங்கள். க்விடியன் நான்காவதில்தான் வருகிறான், அதுவரை உங்கள் இளவரசனுக்கு ஆபத்தில்லை.