ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழித்தும் போர் நினைவுகள் என் தந்தையை ஏன் வதைக்கின்றன?

"கடமையைத்தானே செய்தீர்கள்" என்று சொல்லி உங்கள் தந்தையைத் தேற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். என் தந்தையும் போருக்குப் போனவர்; அவரிடம் நான் சொன்னேன், அதன் பிறகு அவர் இரண்டு ஆண்டுகள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அவர் பீரங்கிப் படையில் வயர்லெஸ் இயக்கியவர். இலக்கின் வரைபட எண்களைப் பீரங்கி அணிக்குப் படித்துச் சொல்வது அவர் வேலை. தம் கையால் ஒருவரையும் சுட்டதில்லை. உழைத்துக்கொண்டிருந்த வரை எதுவும் வெளியே தெரியவில்லை. அறுபதைத் தாண்டி வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் எண்களை வாய்விட்டுச் சொல்ல மறுக்கத் தொடங்கினார். தொலைபேசி எண்ணைக் கேட்டால் எழுதிக் கொடுப்பார். பேத்தி வாய்ப்பாடு ஒப்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவார். மறதி நோயோ என்று அஞ்சி அழைத்துச் சென்றபோது, மருத்துவர் ரத்த அழுத்தத்தைப் பார்த்துத் தூக்க மாத்திரை எழுதித் தந்தாரே தவிர, போருக்குப் போனவரா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

ஒரு நள்ளிரவில் அவராகவே சொன்னார். குண்டுகள் விழுந்த மறுநாள் காலை அவ்வழியே நடந்தபோது, இடிந்து கிடந்த ஒரு வீட்டின் முற்றத்தில், கொடியில் காயப்போட்ட சிறு பிள்ளைகளின் துணிகள் மட்டும் கலையாமல் தொங்கியதைப் பார்த்திருக்கிறார். "நான் ஓர் எண்ணைக்கூடத் தவறாகச் சொல்லவில்லை" என்றார். அப்போதுதான் நான் கடமையைப் பற்றிப் பேசி அவர் வாயை அடைத்தேன்.

அவரை வாட்டியது அச்சமன்று, குற்றவுணர்வு. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோயை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980இல் மனநோய்களை வகைப்படுத்தும் தன் கையேட்டில் சேர்த்தது. ஆனால் வியட்நாம் போர் வீரர்களுக்குச் சிகிச்சையளித்த ஜோனதன் ஷே 1990களில் பேசத் தொடங்கி, பின்வந்தவர்கள் விரித்துரைத்த 'அறக்காயம்' என்பதே என் தந்தைக்குப் பொருந்துகிறது: சரியென்று நம்பியதற்கு மாறானது தம் செயலாலேயோ தம் கண்முன்னோ நிகழ்ந்துவிட்டதால் உண்டாகும் காயம்.

நான் ராணுவத்தை இழிவுபடுத்துவதாகச் சிலர் எழுதக்கூடும். என் தந்தையின் சீருடை இன்றும் மடிப்புக் குலையாமல் பெட்டியில் இருக்கிறது. அதன் மீது எனக்கும் மதிப்பு உண்டு.

முன்னாள் வீரர்களோடு பழகிய ஓர் உளவியலாளர் பிறகு கிடைத்தார். கனவுகள் நிற்கவில்லை. ஆனால் இப்போது விழித்ததும் என்னை எழுப்புகிறார். நான் விளக்கைப் போட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.