குடிப்பவரின் மூளையை மீன் எண்ணெய் காப்பாற்றுமா?

கேள்வி: என் அண்ணன் பத்து வருடங்களுக்கு மேலாகத் தினமும் குடிக்கிறார். இப்போது மறதி அதிகமாகிவிட்டது. ஒமேகா-3 மூளை செல்களைக் காக்கும் என்று படித்தேன். மீன் எண்ணெய் மாத்திரை வாங்கிக் கொடுக்கட்டுமா?

பதில்: கொடுங்கள், பெரும்பாலும் கெடுதல் இல்லை. ஆனால் அதைக் கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் டாக்டரிடம் போவது தள்ளிப்போகக் கூடாது.

நீங்கள் படித்தது அநேகமாக சிகாகோ லயோலா பல்கலைக்கழக ஆய்வைப் பற்றியதாக இருக்கும். எலியின் மூளைத் திசுக்களை ஆய்வகத்தில் வைத்து, அளவு மீறிக் குடித்தவரின் ரத்தத்தில் இருக்கும் அளவுக்கு அவற்றில் ஆல்கஹாலைச் சேர்த்தார்கள். அவ்வளவு ஆல்கஹால் பட்டால் செல்கள் நீர் கோத்து வீங்கும். செல் சவ்வின் கொழுப்பை நொதிகள் உடைக்கும். அதிலிருந்து அழற்சி கிளம்பும். கூடவே டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலத்தைச் சேர்த்தபோது, அழற்சியும் செல் இறப்பும் வெகுவாகக் குறைந்தன. நல்ல ஆய்வுதான். ஆனால் அது ஆய்வகத்தில் சில நாட்கள் வைத்துப் பார்த்த எலித் திசு. பத்து வருடம் குடித்த மனிதரின் மூளைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

உங்கள் அண்ணன் விஷயத்தில் எனக்குக் கவலை தருவது வேறொன்று: தயமின், அதாவது வைட்டமின் பி1. தொடர்ந்து குடிப்பவர்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டதிலிருந்தும் குடல் தயமினைச் சரிவர உறிஞ்சாது. அது தீர்ந்துபோனால் வெர்னிக்கி என்ற மூளை பாதிப்பு வரும். நடையில் தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு, குழப்பம் ஆகியவை அதன் அடையாளங்கள். மூன்றும் சேர்ந்து வரவேண்டும் என்பதில்லை. 'போதையில் இருக்கிறார்' என்று வீட்டார் விட்டுவிடுவதும் இதைத்தான்! உடனே ஊசி மூலம் தயமின் கொடுத்தால் மீட்கலாம். தாமதித்தால் கோர்சகாஃப் என்ற நிரந்தர மறதியில் முடியக்கூடும். ஆகவே இந்த அடையாளங்களில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். இல்லாவிட்டாலும், மறதிக்காகவே இந்த வாரம் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம், 'இன்றோடு நிறுத்து' என்று பாட்டிலைப் பிடுங்கி வைக்காதீர்கள். தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதையடுத்து உயிருக்கே ஆபத்தான பிதற்றல் நிலையும் வரலாம். டாக்டரின் மேற்பார்வையில் நிறுத்தட்டும். குடியை விட்ட சில மாதங்களில் சுருங்கிய மூளை ஓரளவு மீள்வது ஸ்கேனிலேயே தெரிகிறது. எந்த மாத்திரையும் இந்த அளவுக்குச் செய்து நான் பார்த்ததில்லை.

சரி, மீன் எண்ணெய்? ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரானால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அசைவம் ஆகாதென்றால் பாசி எண்ணெய் மாத்திரை இருக்கிறது. ஆளி விதையில் உள்ள ஒமேகா-3 நம் உடலில் மிகச் சிறிதளவே டிஹெச்ஏவாக மாறும்.